செயினுக்கு எண்ணெய் போட்டா மிச்சம் மாசம் நூறு ரூபாய்தான், ஆனாலும் போடுங்க



வேலைக்குப் போய் நாலஞ்சு வருஷம் ஆன ஒருத்தர்கிட்ட "உங்க பைக்குக்கு மாசம் எவ்வளவு செலவாகுது?"ன்னு கேட்டுப் பாருங்க. "பெட்ரோல் மூவாயிரத்து ஐநூறு ஆகுதுங்க"ன்னு பதில் வரும். இ.எம்.ஐ ஓடிட்டு இருந்தா அதையும் சேர்த்துச் சொல்வாங்க. டயர், செயின், சர்வீஸ் எல்லாம் "எப்பவாவது வர்ற செலவு"ங்கற தலைப்புல போயிடும்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். பைக்ல எப்பவாவது ஆகுற செலவுன்னு ஒண்ணுமே கிடையாது. எல்லாமே தினமும், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஆகுற செலவுதான். பில் மட்டும்தான் எப்பவாவது வருது. இதைக் கண்ணால பார்த்துப் புரிஞ்சுக்க வண்டியில ஒரு இடம் இருக்கு. அதுதான் செயின். பள்ளிக்கூட ஸ்கேல் ஒண்ணு இருந்தா போதும், எவ்வளவு செலவாகியிருக்குன்னு அளந்தே பார்த்துடலாம்.

அதனால இன்னைக்கு மியூச்சுவல் ஃபண்டையும் டேர்ம் இன்சூரன்ஸையும் ஓரமா வெச்சுட்டு, செயினைத் துடைச்சு எண்ணெய் போடறதைப் பத்திப் பேசுவோம். துடைக்கிறதை வீடியோவுல பார்த்துக் கத்துக்கலாம். கணக்கை எழுத்துல நிதானமா படிச்சாத்தான் நிக்கும்.

லாரி நோட்டுல இருக்கிற கணக்கு

சங்ககிரி லாரி ஊர். சேலம், கோவை போற 544-ம் நம்பர் நெடுஞ்சாலை, பழைய பேர்ல சொன்னா 47, நம்மளை ஒட்டித்தான் போகுது. நாமக்கல்ல பாடி கட்டறாங்க. திருச்செங்கோட்டுல இருந்து போர்வெல் ரிக் வண்டிங்க இந்தியா பூரா போகுது. லாரியை வெச்சுப் பொழைக்கிறவங்க எந்தத் தெருவுல போனாலும் நாலு பேர் இருப்பாங்க.

கணக்கு எழுத வர்ற லாரி ஓனர்கள்கிட்ட நான் ரெண்டு நோட்டு பார்ப்பேன். ஒண்ணு ட்ரிப் கணக்கு: டீசல், டோல், டிரைவர் படி, ஏத்துகூலி, இறக்குகூலி. இன்னொண்ணு டயர் நோட்டு. எந்த நம்பர் டயரை எந்தத் தேதியில, எத்தனாவது கிலோமீட்டர்ல மாட்டினாங்க, எப்போ ரீட்ரெட் பண்ணாங்கன்னு வரிசையா இருக்கும். பத்தாவது கூட முடிக்காதவர் "இந்த டயர் கிலோமீட்டருக்கு இத்தனை பைசா விழுந்துச்சு"ன்னு வாயிலயே சொல்வார். கிரீஸ் அடிக்க வண்டியை நிறுத்த அவர் யோசிக்க மாட்டார். வழியில வண்டி நின்னா லோடும் போகும், வாடகையும் போகும்னு அவருக்குத் தெரியும்.

அவர் மகன் சேலத்துல ஒரு கம்பெனியில வேலை பார்ப்பார். அவர் பைக் செயின் காஞ்சு, செம்பழுப்பா துரு ஏறி, வண்டி வர்றதுக்கு முன்னாடியே சத்தம் வந்து சேரும். ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வெச்சு, எலுமிச்சம்பழம் நசுக்கி ஓட்டுவார். செயினுக்கு அன்னைக்கும் ஒரு சொட்டு விழாது.

ஒரே வீட்டுல அப்பா கணக்கு வெக்கிறார், மகன் வெக்கறதில்ல. இதுல சட்டத்துக்கும் ஒரு பங்கு இருக்குன்னு நினைக்கிறேன். தொழில்ல ஓடுற வண்டிக்குத் தேய்மானம்னு ஒரு தொகையைக் கழிச்சுக்க வருமான வரிச் சட்டத்துல இடம் இருக்கு. வாடகைக்கு ஓடுற லாரிக்கு 30 சதவீதம், தொழிலுக்கு ஓட்டுற பைக்குக்கு 15 சதவீதம். சம்பளக்காரருக்கு அந்த வசதி இல்ல. முன்னாடி மாசம் 1,600 ரூபாய் போக்குவரத்துப் படிக்கு வரி விலக்கு இருந்துச்சு. 2018 பட்ஜெட்ல பொதுவா எல்லாருக்கும் அதை எடுத்துட்டு, நிலையான கழிவுன்னு ஒரே தொகையா மாத்திட்டாங்க. இப்போ புதிய வரி முறையில அது 75,000 ரூபாய். நீங்க நடந்து போனாலும் அதே தொகை, தினமும் 70 கிலோமீட்டர் பைக் ஓட்டினாலும் அதே தொகை. யாரும் வண்டிக் கணக்கு கேக்கறதில்ல, நாமளும் எழுதறதில்ல. யாரும் கேக்கலைங்கறதுக்காக வண்டி தேயறது நிக்குமா?

செயின் இழுபடுறதில்ல, தேயுது

"செயின் லூஸ் ஆயிடுச்சு, நீண்டுடுச்சு"ன்னு மெக்கானிக் சொல்வார். ரப்பர் மாதிரி இரும்பு இழுபட்டுடுச்சுன்னு நாம நினைச்சுக்கறோம். நடக்கிறது வேற.

நம்ம பைக்ல இருக்கிற ரோலர் செயின் 1880-ல இங்கிலாந்து மான்செஸ்டர் பக்கம் ஹான்ஸ் ரெனால்டுங்கறவர் கொண்டுவந்த அமைப்பு. இன்னைக்கும் அடிப்படை அதேதான். நம்ம நாட்டுல இந்தச் செயின் செய்யற பெரிய கம்பெனிகள்ல ரெண்டு தமிழ்நாட்டுக்காரங்கதான். அம்பத்தூர்ல ஆரம்பிச்ச டி.ஐ. டயமண்ட் ஒண்ணு. இதே நெடுஞ்சாலையில மேற்கே போனா வர்ற கோயம்புத்தூர்ல, ரோலான் செயின் செய்யற எல்.ஜி. பாலகிருஷ்ணன் கம்பெனி இன்னொண்ணு. அந்தக் கம்பெனியே 1937-ல போக்குவரத்துத் தொழில்லதான் ஆரம்பிச்சது.

செயினோட ஒவ்வொரு கண்ணியிலயும் ஒரு பின் இருக்கு. அதைச் சுத்தி ஒரு புஷ், அதுக்கு மேல ஒரு ரோலர். பல்சக்கரத்துல ஏறி இறங்கும்போது பின்னும் புஷ்ஷும் ஒண்ணோட ஒண்ணு உரசும். நடுவுல எண்ணெய் இருந்தா வழுக்கும். எண்ணெய் போய் மண்ணு புகுந்தா உப்புத்தாள் போட்டுத் தேய்ச்ச மாதிரிதான்.

இப்போ ஸ்கேலை எடுங்க. நம்ம ஊர்ல ஓடுற நிறைய கம்யூட்டர் பைக்ல 428 நம்பர் செயின் இருக்கும். அதுல ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் நடுவுல 12.7 மில்லிமீட்டர். இருபது கண்ணி நீளம் புதுசுல 254 மில்லிமீட்டர். பொதுவா 2 சதவீதம் கூடினா மாத்தற நேரம் வந்துடுச்சுன்னு வெச்சுக்கலாம், அதாவது 259 மில்லிமீட்டர். உங்க வண்டி மேனுவல்ல வேற அளவு போட்டிருந்தா அதையே எடுத்துக்கோங்க.

2 சதவீதம்னா ஒரு கண்ணிக்குக் கால் மில்லிமீட்டர். கண்ணுக்கே தெரியாது. 110 கண்ணி இருக்கிற செயின்ல அதைக் கூட்டினா 28 மில்லிமீட்டர், ரெண்டு கண்ணிக்கு மேல நீளம். தினமும் ஆகுற சின்னச் செலவு எப்படி ஒரு நாள் பெரிய பில்லா வந்து நிக்குதுன்னு இதை விடத் தெளிவா எனக்குக் காட்டத் தெரியாது.

ரூபாய்ல போட்டுப் பார்ப்போம்

சங்ககிரியில இருந்து சேலத்துக்குத் தினமும் வேலைக்குப் போய் வர்றவர்னு வெச்சுக்குவோம். போக வர 70 கிலோமீட்டர், மாசம் 25 நாள். மாசம் 1,750 கிலோமீட்டர், வருஷத்துக்கு 21,000. கீழே நான் போடற விலை, ஆயுசு எல்லாம் கணக்குக்காக எடுத்துக்கிட்ட எண்கள். உங்க பில்லைப் பார்த்து மாத்திப் போட்டுக்கோங்க.

செயின் கிட், அதாவது செயினும் முன் பின் ரெண்டு பல்சக்கரமும், கூலியோட 2,000 ரூபாய். கவனிக்காம விட்டா 12,000 கிலோமீட்டர், கவனிச்சா 25,000 கிலோமீட்டர் வருதுன்னு வைப்போம்.

கவனிக்காம விட்டா: கிலோமீட்டருக்கு 16.7 பைசா. வருஷத்துக்கு 3,500 ரூபாய்.

கவனிச்சா: கிலோமீட்டருக்கு 8 பைசா. வருஷத்துக்கு 1,680 ரூபாய். இதோட எண்ணெய்ச் செலவு. 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவைன்னா வருஷத்துக்கு 42 தடவை. ஒரு தடவைக்கு 10 மில்லின்னா 420 மில்லி. லிட்டர் 400 ரூபாய் கியர் ஆயில்ல 170 ரூபாய் கூட ஆகாது. மண்ணெண்ணெய், பிரஷ், துணிக்கு 400 ரூபாய். மொத்தம் 2,250.

மிச்சம் 1,250 ரூபாய். மாசம் நூத்திச் சொச்சம். அவ்வளவுதான்.

"வருஷம் ஐயாயிரம் மிச்சம், பத்தாயிரம் மிச்சம்"னு தலைப்பு போட்டா நிறைய பேர் கிளிக் பண்ணுவாங்க. ஆனா கணக்கு அப்படி வரலை. இன்னொண்ணும் சொல்லணும். விளம்பரம் பார்த்துட்டு மாசம் ஒரு செயின் ஸ்பிரே 250 ரூபாய்க்கு வாங்கினா வருஷத்துக்கு 3,000 ரூபாய். கிட் செலவு 1,680-ஐச் சேர்த்தா 4,680. கவனிக்காம விட்டவரை விட உங்களுக்கு 1,180 ரூபாய் கூடுதல் செலவு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். ஸ்பிரே தப்புன்னு சொல்லலை. தெறிக்காது, வேலை சுத்தமா முடியும், மழைக்காலத்துல நல்லா ஒட்டி நிக்கும். மிச்சம் பிடிக்கத்தான் வாங்கறேன்னு மட்டும் உங்களையே ஏமாத்திக்காதீங்க.

நேரத்துக்கும் விலை போடுவோம். எண்ணெய் போட பத்து நிமிஷம், 42 தடவைக்கு 7 மணி நேரம். மூணு தடவைக்கு ஒரு தடவை நல்லாத் துடைச்சுக் கழுவக் கூடுதலா பதினஞ்சு நிமிஷம், 14 தடவைக்கு மூணரை மணி நேரம். மொத்தம் பத்தரை மணி நேரத்துக்கு 1,250 ரூபாய், மணிக்கு 119 ரூபாய். மாசம் 25,000 சம்பளம், 200 மணி நேர வேலைன்னா உங்க சம்பளமே மணிக்கு 125 ரூபாய்தான். ஆக, வெறும் பணத்தை மட்டும் பார்த்தா செயினுக்கு எண்ணெய் போடறதுல லாபமும் இல்ல, நஷ்டமும் இல்ல.

அப்புறம் எதுக்குப் போடணும்?

செயின்ங்கறது தேஞ்சு தேஞ்சு மெதுவா சாகற பொருள் மட்டும் இல்ல, ஒரு நாள் பட்டுனு அறுந்தும் போகும். ராத்திரி எட்டு மணிக்கு மகுடஞ்சாவடிக்கும் வைகுந்தம் டோலுக்கும் நடுவுல, பின்னாடி டிரெய்லர் வர்ற நேரத்துல அறுந்தா, நம்ம கணக்குல இருந்த 16.7 பைசாவுக்கு அர்த்தமே கிடையாது. அறுந்த செயின் பின் சக்கரத்துல சிக்கிச் சக்கரம் பூட்டிக்கலாம். முன் பல்சக்கரத்துக்கிட்ட சுருண்டு எஞ்சின் மூடியை உடைக்கலாம். பெரும்பாலும் வண்டி நின்னு போறதோட முடியும். ஆனா அந்த ஒரு தடவை எந்த வகையா இருக்கும்னு நம்ம கையில இல்ல.

இன்சூரன்ஸ் இருக்கேன்னு சொல்வீங்க. உங்க பாலிசியில "விதிவிலக்குகள்" பகுதியைப் படிங்க. தேய்மானம், இயந்திரக் கோளாறு, அதனால வர்ற உடைசல் இதெல்லாம் வழக்கமான வண்டி பாலிசியில கிடையாது. புது வண்டி வாரண்டியிலயும் செயின், பல்சக்கரம், பிரேக் ஷூ மாதிரி தேயற பொருட்களைப் பொதுவா சேர்க்க மாட்டாங்க. அதாவது இந்த ரிஸ்க்கை நீங்க யாருக்கும் கைமாத்த முடியாது. கைமாத்த முடியாத ரிஸ்க்கைக் குறைக்கத்தான் முடியும். அதுக்கு ஆகுற செலவு வாரத்துக்குப் பத்துப் பதினஞ்சு நிமிஷம். எனக்குத் தெரிஞ்சு இவ்வளவு மலிவான இன்சூரன்ஸ் பிரீமியம் வேற இல்ல.

"சர்வீஸ்ல விடறேனே, அவங்க பார்த்துக்க மாட்டாங்களா?" பார்ப்பாங்க. 3,000 கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ்னா, 500-க்கு ஒண்ணா ஆறு தடவை போட வேண்டிய எண்ணெய்ல ஒரு தடவையை அவங்க போடுவாங்க. மிச்சம் அஞ்சு தடவை உங்க பொறுப்பு.

செய்யற முறை

சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்த உடனே செய்யறது நல்லது. ஓடி வந்த செயின் வெதுவெதுப்பா இருக்கும், எண்ணெய் உள்ளே இறங்கும். ஞாயித்துக்கிழமை பூரா ஊறும். திங்கக்கிழமை தெறிக்காது. வாரம் 420 கிலோமீட்டர் ஓட்டறவருக்கு 500 கிலோமீட்டர் கணக்கும் இதோட சரியா ஒத்து வரும்.

1. எஞ்சினை நிறுத்திச் சாவியைக் கையில எடுத்துடுங்க. சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரல்ல வெச்சுச் சக்கரத்தைக் கையால சுத்துங்க. எஞ்சினை ஓட விட்டு, கியர் போட்டு, ஓடற செயின்ல துணியைப் பிடிக்கிறதை நிறைய பேர் செய்யறாங்க. துணி சிக்கினா அதுக்குப் பின்னாடியே விரல் போகும். இந்தக் கட்டுரையில ஒரே ஒரு வரியை ஞாபகம் வெச்சுக்கறதா இருந்தா இதை வெச்சுக்கோங்க.

2. துடைக்க மண்ணெண்ணெய், அதான் நம்ம ஊர்க் கிருஷ்ணாயில், போதும். கிடைக்கலைன்னா செயின் கிளீனர். பழைய டூத் பிரஷ்ஷால தேயுங்க. பெட்ரோல் வேண்டாம், தீப்பிடிக்கும். ஓ-ரிங் செயினா இருந்தா ரப்பர் வளையத்தையும் கெடுத்துடும். கம்பி பிரஷ்ஷும் வேண்டாம். வாட்டர் வாஷ் விட்டா, செயினுக்கு நேரா பிரஷர் அடிக்க வேண்டாம்னு சொல்லிடுங்க. தண்ணி பட்ட அன்னைக்கு எண்ணெய் போடாம விட்டா மறுநாளே துரு தெரியும்.

3. காஞ்ச துணியால துடைச்சுட்டு, கொஞ்ச நேரம் ஆற விடுங்க. ஈரத்து மேல எண்ணெய் போட்டா நிக்காது.

4. 90 கியர் ஆயில், லாரி ஸ்பேர்ஸ் கடையில "நைன்ட்டி ஆயில்"னு கேட்டா தருவாங்க. ஓ-ரிங் செயின்னா மேனுவல் சொல்றதைப் போடுங்க. கீழ்ப்பக்கச் செயினோட உள்பக்கமா, பிளேட்டுக்கு நடுவுல இறங்கற மாதிரி சொட்டுச் சொட்டா விட்டு, சக்கரத்தை ரெண்டு மூணு சுத்து சுத்துங்க. எஞ்சின்ல இருந்து இறக்கின கழிவு ஆயிலைச் சும்மா கிடைக்குதேன்னு ஊத்தாதீங்க. அதுல ஏற்கெனவே இரும்புத் தூள் இருக்கு. நாம எதைத் தடுக்கப் பார்க்கறோமோ அதையே உள்ளே விடற மாதிரி ஆயிடும்.

5. பத்து நிமிஷம் கழிச்சு வெளிப்பக்கம் இருக்கிறதைத் துடைச்சு எடுத்துடுங்க. எண்ணெய் உள்ளேதான் வேலை செய்யுது. வெளியே வழியறது மண்ணைச் சேர்க்கத்தான் உதவும். டயர்லயோ பிரேக்லயோ ஒரு சொட்டு கூட இருக்கக் கூடாது.

6. நடுவுல விரலால மேலும் கீழும் ஆட்டிப் பாருங்க. நிறைய கம்யூட்டர் பைக்குக்கு 20-ல இருந்து 30 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கணும். சரியான அளவு மேனுவல்ல இருக்கும். ரொம்ப டைட்டா வெச்சாலும் பேரிங்கும் செயினும் போகும். டைட் பண்ணத் தெரியலைன்னா தெருமுனை மெக்கானிக்கிட்டயே விடுங்க. ரெண்டு பக்கக் கோடும் ஒரே அளவுல இருக்கான்னு மட்டும் நின்னு பார்த்துக்கோங்க.

முழு செயின் கவர் போட்ட வண்டியில செயினே தெரியாது. கவர்ல சின்ன ரப்பர் மூடி இருக்கும், அதைத் திறந்து பார்த்து, அது வழியாவே எண்ணெய் விடலாம். கவர் இருக்கிறதால மண்ணு குறைவாத்தான் போகும். ஆனா கண்ணுல படாததால மறதி அதிகமாகும். சர்வீஸ்ல விடும்போது கவரைக் கழட்டிக் கழுவச் சொல்லுங்க.

மாத்தற நேரம் வந்தா செயினும் ரெண்டு பல்சக்கரமும் சேர்த்தே மாத்துங்க. கொக்கி மாதிரி வளைஞ்ச பழைய பல்லுல புதுச் செயினைப் போட்டா, புதுசும் சீக்கிரம் தேஞ்சுடும்.

ஸ்கேலைக் கீழே வெச்சுட்டு முழு வண்டியைப் பாருங்க

செயின்ல பார்த்த அதே கணக்கை வண்டி முழுசுக்கும் போடுவோம். இதுவும் கணக்குக்காக எடுத்த எண்கள்தான். லிட்டருக்கு 50 கிலோமீட்டர், பெட்ரோல் 100 ரூபாய். ஒரு லட்சத்துக்கு வாங்கின வண்டி ஆறு வருஷம் ஓடி 25,000-க்கு விலை போகுது. அதுக்குள்ள 1,26,000 கிலோமீட்டர் ஓடியிருக்கும்.

பெட்ரோல்: 2 ரூபாய்
வண்டித் தேய்மானம்: 60 பைசா
சர்வீஸ், வருஷத்துக்கு ஏழு தடவை, தடவைக்கு 1,000 ரூபாய்: 33 பைசா
டயர் ரெண்டும் 3,800 ரூபாய், 25,000 கிலோமீட்டருக்கு: 15 பைசா
செயின், எண்ணெயோட சேர்த்து: 11 பைசா
இன்சூரன்ஸ், வருஷத்துக்கு 2,100 ரூபாய்: 10 பைசா

மொத்தம் கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 29 பைசா. நீங்க 2 ரூபாய்ல ஓட்டறதா நினைச்ச வண்டி இது. மாசம் 1,750 கிலோமீட்டருக்கு உங்க மனசுல இருக்கிற செலவு 3,500. உண்மையான செலவு ஏறக்குறைய 5,750. நடுவுல இருக்கிற 2,250 ரூபாய் ஒவ்வொரு மாசமும் ஆயிட்டுத்தான் இருக்கு. டயர் பில்லாவோ, செயின் பில்லாவோ, ஆறு வருஷம் கழிச்சுப் புது வண்டிக்கான டவுன் பேமென்ட்டாவோ ஒரு நாள் வந்து நிக்கும். அன்னைக்குக் கிரெடிட் கார்டைத் தேய்ப்பீங்க, இல்லைன்னா எஸ்.ஐ.பி-யை நிறுத்துவீங்க. "எஸ்.ஐ.பி போட முடியலை, திடீர்ச் செலவு வந்துடுச்சு"ன்னு சொல்றவங்களோட திடீர்ச் செலவைக் கேட்டுப் பார்த்தா, பாதிக்குப் பாதி திடீர்னு வந்ததே இல்ல.

திருச்செங்கோடா, சேலமா?

இந்தக் கணக்கு பெருசா வேலை செய்யற இடம் வேலை மாத்தற நேரம். உங்களுக்குத் திருச்செங்கோட்டுல ஒரு வேலை, போக வர 20 கிலோமீட்டர். சேலத்துல இன்னொரு வேலை, போக வர 70 கிலோமீட்டர். சேலத்துல மாசம் 4,000 ரூபாய் கூடுதல். எதை எடுப்பீங்க?

வித்தியாசம் மாசம் 1,250 கிலோமீட்டர். பெட்ரோலை மட்டும் பார்த்தா 2,500 ரூபாய். சேலத்துக்குப் போனா 1,500 ரூபாய் லாபம்னு தோணும்.

முழுக் கணக்கு போடுங்க. இன்சூரன்ஸ் எங்கே ஓட்டினாலும் ஒண்ணுதான், அதை விட்டுட்டாலும் கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 19 பைசா. 1,250 கிலோமீட்டருக்கு 3,988 ரூபாய். நாலாயிரம் கூடுதல் சம்பளத்துல கையில நிக்கிறது 12 ரூபாய். ஓட்டாம நிறுத்தினாலும் வண்டி பழசாகும், அதனால தேய்மானத்துல பாதியைத்தான் சேர்க்கணும்னு நீங்க வாதாடலாம். நியாயமான வாதம்தான். அப்பவும் 388 ரூபாய்தான் நிக்குது. அதுக்காகத் தினமும் 50 கிலோமீட்டர் கூடுதலா நெடுஞ்சாலையில லாரிங்களுக்கு நடுவுல போகணும்.

சேலம் வேலைக்குப் போகாதீங்கன்னு நான் சொல்லலை. கத்துக்க நிறைய இருக்கும், ரெண்டு வருஷத்துல சம்பளம் ஏறும்னா தாராளமா போங்க. பஸ், ரயில் டைமிங் ஒத்து வருதான்னும் பாருங்க. நாலாயிரம் அதிகமா வருதுன்னு நம்பி மட்டும் போகாதீங்க. அந்த நாலாயிரம் வண்டிச் செலவுக்கே சரியாப் போகும்.

இந்தச் சனிக்கிழமை செய்ய வேண்டியது

மூணே மூணு வேலை.

ஒண்ணு, செயினைத் துடைச்சு எண்ணெய் போட்டு, இருபது கண்ணி நீளத்தை அளந்து, தேதி, கிலோமீட்டர் ரீடிங்கோட போன்ல எழுதி வைங்க. அடுத்த அளவு ஆயிரம் கிலோமீட்டர் கழிச்சு.

ரெண்டு, போன வருஷ சர்வீஸ் பில், டயர் பில், இன்சூரன்ஸ் எல்லாத்தையும் எடுத்து உங்க வண்டியோட கிலோமீட்டர் செலவைக் கண்டுபிடிங்க. என் எண்ணை நம்பாதீங்க, உங்க எண்ணைப் போடுங்க. ஸ்கூட்டர்காரங்களுக்குச் செயின் இல்ல, பெல்ட் இருக்கு. மேனுவல்ல அதுக்கும் ஒரு கிலோமீட்டர் அளவு போட்டிருக்கும், கணக்கு அதேதான்.

மூணு, அதுல பெட்ரோல் போக மீதித் தொகையை, மேலே போட்ட உதாரணத்துல 2,250 ரூபாயை, சம்பளம் வந்த உடனே தனியா ஒரு ஆர்.டி-யிலயோ வேற சேவிங்ஸ் கணக்குலயோ போடுங்க. முழுசா முடியலைன்னா ஆயிரத்துல ஆரம்பிங்க. எமர்ஜென்சி ஃபண்டு வேற, இது வேற. வேலை போறதும் உடம்பு முடியாம போறதும் எமர்ஜென்சி. செயின் தேயறது எமர்ஜென்சி இல்ல, எந்த மாசம் மாத்தணும்னு ஸ்கேலே முன்கூட்டிச் சொல்லிடும்.

உங்க ஸ்கேல்ல எத்தனை மில்லிமீட்டர் வந்துச்சு? 259-ஐத் தாண்டி இருந்தா, அடுத்த சம்பளம் வரைக்கும் காத்திருக்காதீங்க. திங்கக்கிழமை ரோட்டுல ஏறுறதுக்கு முன்னாடி மாத்திடுங்க.